உடனடிக் காப்பியும் வடித்த காப்பியும்: ஒரு வரலாற்று ஒப்பீடு

பேச்சு வழக்கில் இன்ஸ்டன்ட் காப்பி எனப்படும் உடனடிக் காப்பி, வெந்நீரிலோ சூடான பாலிலோ இட்டுக் கலக்கியதும் முழுவதும் கரைந்துவிடும் தூள் அல்லது குருணை வடிவக் காப்பி ஆகும். வறுத்து அரைத்த காப்பித்தூளில் வெந்நீர் ஊற்றிச் சாறு இறக்கி, சக்கையை நீக்கிவிட்டுப் பருகுவது வடித்த காப்பி. தமிழ்நாட்டில் பில்டர் காப்பி என்று வழங்கப்படுவது இதன் ஒரு வகை.

இவ்விரண்டையும் வெவ்வேறு பொருள்களாகக் கருதுவது வழக்கம். உண்மையில் உடனடிக் காப்பியும் ஒருமுறை வடிக்கப்பட்ட காப்பியே. அது வீட்டில் வடிக்கப்படாமல் ஆலையில் வடிக்கப்படுகிறது. இறக்கிய சாற்றிலிருந்து நீரை முழுவதும் அகற்றினால் எஞ்சுவதே கடையில் புட்டியிலும் சிறு பைகளிலும் விற்கப்படும் தூள். ஆகவே உடனடிக் காப்பியின் வரலாறு என்பது, சாறு இறக்கும் வேலை அடுக்களையிலிருந்து ஆலைக்கு இடம்பெயர்ந்த வரலாறு ஆகும். காப்பியின் சுவையோடு, எந்தக் காப்பிச்செடி மிகுதியாகப் பயிரிடப்படுகிறது, நுகர்வோர் தரும் பணம் எவரிடம் சேர்கிறது, விடியற்காலையில் அடுப்பின் முன் நிற்க வேண்டியவர் யார் என்பவையும் இந்த இடப்பெயர்ச்சியால் மாறின.

சாறு இறக்கும் முறைகள்

காப்பிச்செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதன் கொட்டையிலிருந்து பானம் தயாரித்துப் பருகும் பழக்கம், 15ஆம் நூற்றாண்டில் செங்கடலின் மறுகரையிலுள்ள ஏமன் நாட்டில் நிலைபெற்றது. இரவு வழிபாட்டின்போது உறக்கம் வராமல் இருக்க அங்கிருந்த சூஃபி துறவியர் அதைப் பருகினர். பின்னர் மெக்கா, கெய்ரோ, இசுதான்புல் ஆகிய நகரங்களுக்கும், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் காப்பி பரவியது. லண்டன் நகரின் முதல் காப்பிக்கடை 1652இல் திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் காப்பி வடிக்கப்படவில்லை. நன்றாக அரைத்த தூளை நீரிலிட்டுக் கொதிக்க வைத்து, வண்டல் அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததைப் பருகினர். துருக்கியிலும் அரபு நாடுகளிலும் இம்முறை இன்றும் உள்ளது. தூளையும் பானத்தையும் பிரிக்கும் கருவிகள் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து படிப்படியாகத் தோன்றின. 1800ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் இரண்டு அடுக்குள்ள பாத்திரம் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. மேலடுக்கில் தூளைப் பரப்பி வெந்நீர் ஊற்றினால், சாறு சிறு துளைகள் வழியே சொட்டிக் கீழடுக்கில் சேரும். தமிழ்நாட்டு வீடுகளிலுள்ள பித்தளை, எவர்சில்வர் பில்டர்களும் இதே தத்துவத்தில் இயங்குபவையே.

1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, தம் மகனின் பள்ளி நோட்டிலிருந்து மையொற்றுத் தாளை எடுத்து, துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்துக் காப்பி வடித்துப் பார்த்தார். கசப்பும் வண்டலும் இல்லாத காப்பி கிடைத்தது. அதே ஆண்டு அதற்கு உரிமம் பதிவு செய்து தொழில் தொடங்கினார். காகித வடிகட்டி உலகெங்கும் பரவியது இவ்வாறுதான். இத்தாலியில் 1933இல் அல்போன்சோ பியாலெட்டியின் பெயரோடு இணைந்த மோக்கா பாத்திரம் வந்தது. அது நீராவியின் அழுத்தத்தால் வெந்நீரைத் தூளின் ஊடே மேலே தள்ளும் அமைப்பு.

கருவிகள் பல என்றாலும் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தேவைகள் சில உண்டு. தூள் புதியதாக இருக்க வேண்டும். வறுத்து அரைத்த தூள் காற்றுப்பட்டால் சில நாட்களிலேயே மணம் குன்றத் தொடங்கும். வெந்நீர், பாத்திரம், காத்திருக்கும் நேரம், சக்கையைக் கொட்டிக் கழுவும் வேலை ஆகியவையும் வேண்டும். போர்க்களம், கப்பல், நெடும்பயணம் போன்ற சூழல்களில் இவை அமைவது கடினம். உடனடிக் காப்பிக்கான தேடல் தொடங்கியது இத்தகைய இடங்களை மனத்தில் கொண்டுதான்.

தூளாக்கும் முயற்சிகள்

முதலில் வந்தது கெட்டிச் சாறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1860களில், வடக்குப் படையினருக்குப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் காப்பிக் குழம்பு வழங்கப்பட்டது. வண்டி அச்சுக்குப் போடும் மசகுபோல் இருந்த அதை வீரர்கள் விரும்பவில்லை. கொட்டையை வாங்கித் தாங்களே இடித்துக் காய்ச்சிக் குடிப்பதையே விரும்பினர். 1876இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தயாரான கேம்ப் காப்பி என்ற புட்டிச்சாறு ஓரளவு வெற்றி பெற்றது. காப்பியும் சிக்கரியும் சர்க்கரையும் கலந்த அதன் புட்டியில், பிரித்தானிய இராணுவ அதிகாரி ஒருவருக்குச் சீக்கியப் பணியாள் காப்பி பரிமாறும் படம் ஒட்டப்பட்டிருந்தது. அந்நாளைய பேரரசின் மனநிலையையும், இப்பொருள் எந்தச் சூழலுக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதையும் அந்தப் படம் காட்டுகிறது.

நீரை முழுவதும் நீக்கித் தூளாக்கும் முயற்சிகள் பல நாடுகளில் தனித்தனியே நடந்தன. 1881இல் பிரான்சின் நகைச்சுவை எழுத்தாளர் அல்போன்ஸ் ஆலே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1889–90 காலத்தில் நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகர வணிகர் டேவிட் ஸ்ட்ராங், வெப்பக்காற்றால் உலர்த்தும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று விற்பனையும் செய்தார். சிகாகோவில் பணியாற்றிய ஜப்பானிய வேதியியலாளர் சதோரி கட்டோ, 1901இல் பஃபலோ நகரில் நடந்த பொருட்காட்சியில் தம் காப்பித்தூளைக் காட்சிக்கு வைத்தார். 1903இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எனவே உடனடிக் காப்பியைக் கண்டுபிடித்தவர் என ஒருவரை மட்டும் சுட்டுவது பொருத்தமாகாது.

இதைப் பெருந்தொழிலாக்கியவர் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் கான்ஸ்டன்ட் லூயி வாஷிங்டன். 1909–10 முதல் அவரது தூள் விற்பனைக்கு வந்தது. சுவை சிறப்பானதன்று என்ற குறை இருந்தபோதும், முதல் உலகப்போரில் அமெரிக்க இராணுவம் அதைப் பெருமளவில் வாங்கியது. பதுங்குகுழியில் நெருப்பு மூட்டினால் புகை எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நனைந்த விறகும் எரியாது. அந்நிலையில் கிடைத்த நீரில் கரைத்துக் குடிக்கக்கூடிய தூள் வீரர்களுக்குப் பேருதவியாக இருந்தது.

பிரேசிலின் மிகுவிளைச்சலும் 1938ஆம் ஆண்டும்

உடனடிக் காப்பியின் அடுத்த கட்டத்துக்குக் காரணம் விவசாய நெருக்கடி. உலகின் மிகப்பெரிய காப்பி உற்பத்தி நாடான பிரேசிலில் 1920களின் இறுதியில் விளைச்சல் மிகுந்திருந்தது. 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து உலகப் பெருமந்தம் தொடங்கியதும் காப்பி விலை வீழ்ந்தது. விலையைத் தூக்கி நிறுத்த, பிரேசில் அரசு காப்பியை வாங்கி எரித்தது, கடலிலும் கொட்டியது. 1931 முதல் 1944 வரை இவ்வாறு அழிக்கப்பட்டவை ஏறத்தாழ 7.8 கோடி மூட்டைகள். ஒரு மூட்டை என்பது 60 கிலோ.

விளைந்ததை எரிப்பதைவிடக் கெடாமல் சேமிக்க வழி உண்டா என்ற கேள்வி எழுந்தது. பால்மாவுத் தயாரிப்பில் அனுபவமுள்ள சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்திடம் அந்தக் கேள்வி சென்றது. அங்குப் பணியாற்றிய வேதியியலாளர் மேக்ஸ் மார்கென்தாலர் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார். பால் கலந்து இனிப்பிட்ட காப்பியில் மணம் நெடுநாள் தங்குவதை அவர் கவனித்தார். காப்பிச் சாற்றோடு மாவுச்சத்துப் பொருளைச் சேர்த்து உலர்த்தினால் மணம் ஓரளவு காக்கப்படும் என்ற முடிவுக்கு வந்தார். நிறுவனம் ஆர்வம் குன்றியிருந்த காலத்திலும் அவர் வீட்டிலேயே ஆய்வைத் தொடர்ந்தார். 1938 ஏப்ரல் 1 அன்று நெஸ்கஃபே என்ற பெயரில் அத்தூள் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அதில் காப்பியின் பங்கும் மாவுச்சத்துப் பொருளின் பங்கும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. காப்பி மட்டுமே கொண்ட தூள் 1950களில்தான் வந்தது.

அதே 1938ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் அக்கில் காஜியா, நீராவியைத் தூளில் படவிடாமல் காப்பிச் சாறு இறக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே, போருக்குப் பின் மேலே பொன்னிற நுரை படியும் இன்றைய எஸ்பிரெசோ உருவாயிற்று. இவ்வாறு ஒரே ஆண்டில் காப்பி இரு வேறு திசைகளில் நகர்ந்தது. காஜியாவின் இயந்திரத்தில் சாறு அருந்துவோர் கண்முன்னே இறங்குகிறது. மார்கென்தாலரின் தூளில் அந்த வேலை, அருந்துவோர் காணாத ஆலையில் முடிந்துவிடுகிறது.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினரின் உணவுப் பொட்டலங்களில் உடனடிக் காப்பியும் இடம்பெற்றது. படைகள் தங்கிய நாடுகளில் அப்பழக்கம் பரவியது. ஊர் திரும்பிய வீரர்களும் அதை வீட்டுக்குக் கொண்டு சென்றனர்.

ஆனால் எல்லா நாடுகளும் அதை ஒரே வகையில் ஏற்கவில்லை. வடிக்கும் பழக்கம் ஆழமாக வேரூன்றிய இத்தாலியில் உடனடிக் காப்பி வீட்டினுள் பெரிதாக நுழைய முடியவில்லை. தேநீர் பழகிய பிரித்தானியாவிலோ எளிதாக நுழைந்தது. அங்கு வெந்நீர்க் கெண்டி எல்லா வீட்டிலும் இருந்தது. காப்பி வடிக்கும் கருவிதான் இல்லை. பழைய காப்பிப் பழக்கம் எங்கே வலுவாக இருந்ததோ அங்கே உடனடிக் காப்பி மாற்றுப்பொருளாகவும், எங்கே அப்பழக்கம் இல்லையோ அங்கே அதுவே காப்பியாகவும் கொள்ளப்பட்டது. இந்தியாவின் வடக்கு, தெற்கு வேறுபாட்டிலும் இதே போக்கைக் காணலாம்.

சில இடங்களில் உடனடிக் காப்பி தனக்கென ஒரு பானத்தையும் உருவாக்கியது. 1957இல் கிரீஸ் நாட்டின் தெசலோனிக்கி வணிகக் கண்காட்சியில், வெந்நீர் கிடைக்காத ஒரு பணியாளர் உடனடிக் காப்பித் தூளைக் குளிர்ந்த நீரோடு மூடிய குவளையிலிட்டுக் குலுக்கினார். எழுந்த நுரையே கிரேக்கர்களின் ஃபிராப்பே காப்பிக்குத் தொடக்கமாயிற்று. உடனடிக் காப்பித் தூளில் எண்ணெய்ப்பசை மிகக் குறைவு. எண்ணெய் நுரையை உடைக்கும். அது இல்லாததால் நுரை நிலைத்து நிற்கிறது. வட இந்திய வீடுகளில் தூளையும் சர்க்கரையையும் சிறிது நீர் விட்டுக் கரண்டியால் வெளுக்கும்வரை அடித்துப் பாலூற்றும் வழக்கத்துக்கும் இதே காரணம் பொருந்தும்.

ஆலையில் நடப்பது என்ன?

வீட்டில் காப்பி வடிக்கும்போது நீர் 100 பாகை செல்சியசுக்கு மேல் செல்வதில்லை. தூளின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே நீரில் இறங்குகிறது, மீதி சக்கை. ஆலையில் வரிசையாக நிற்கும் உயரமான உருளைகளில் வறுத்து உடைத்த கொட்டை நிரப்பப்படுகிறது. 150 பாகைக்கு மேல் சூடேற்றிய நீர் உயர் அழுத்தத்தில் அவற்றின் ஊடே செலுத்தப்படுகிறது. சாதாரண வெந்நீரில் கரையாத பொருள்களும் அவ்வெப்பத்தில் சிதைந்து கரைகின்றன. ஆகவே ஆலை, வீட்டைவிட ஏறத்தாழ இருமடங்கு பொருளை ஒரே அளவு கொட்டையிலிருந்து எடுத்துவிடுகிறது.

கிடைத்த சாறு கெட்டியாக்கப்பட்டபின் இரு முறைகளுள் ஒன்றால் உலர்த்தப்படுகிறது. முதலாவது தெளித்து உலர்த்தல். உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து சாற்றை நுண்துளிகளாகத் தெளித்துச் சூடான காற்றைச் செலுத்துவர்; துளி கீழே விழுவதற்குள் தூளாகிவிடும். இது செலவு குறைந்தது. ஆனால் மணம் பெரிதும் ஆவியாகிவிடும். இரண்டாவது உறைய வைத்து உலர்த்தல். சாற்றைச் சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகை குளிரில் உறைய வைத்து, உடைத்து, வெற்றிடத்தில் வைப்பர். பனி உருகி நீராகாமல் நேரே ஆவியாகும். வெப்பம் குறைவாகப் படுவதால் மணம் கூடுதலாகத் தங்கும், செலவும் கூடும். 1960களில் வணிக அளவில் பரவிய இம்முறையில் கிடைப்பவையே குருணைபோன்ற விலை உயர்ந்த வகைகள். இரு முறைகளிலும், உலர்த்துவதற்கு முன்பே மணப்பொருள்களைத் தனியே பிரித்தெடுத்து இறுதியில் சேர்ப்பதும் உண்டு. புட்டியைத் திறந்தவுடன் வீசும் மணம், கலக்கிய கோப்பையில் அதே அளவுக்கு இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பன்னாட்டுக் காப்பி அமைப்பு தன் புள்ளிவிவரங்களில் 1 கிலோ உடனடிக் காப்பியை 2.6 கிலோ பச்சைக் கொட்டைக்கும், 1 கிலோ வறுத்த காப்பியை 1.19 கிலோ பச்சைக் கொட்டைக்கும் இணையாகக் கொள்கிறது. இதைக் கொண்டு ஒரு கோப்பைக்குக் கணக்கிடலாம். 2 கிராம் உடனடித் தூளுக்கு 5.2 கிராம் பச்சைக் கொட்டை போதும். 8 கிராம் வறுத்த தூளிட்டு வடிக்கும் கோப்பைக்கு 9.5 கிராம் வேண்டும். அருந்துவோருக்கு இது சிக்கனம். விளைவிப்போரின் பக்கம் நின்று பார்த்தால், ஒரு கோப்பைக்கு அவரிடமிருந்து வாங்கப்படும் கொட்டை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

ரொபஸ்டாவின் வளர்ச்சி

வணிகத்தில் முதன்மையான காப்பி இனங்கள் அராபிகா, ரொபஸ்டா ஆகிய இரண்டு. அராபிகா உயர்ந்த மலைகளில் வளரும். மணமும் மென்புளிப்பும் உடையது. நோய்க்கு எளிதில் ஆட்படும். ஆப்பிரிக்கத் தாழ்நிலக் காடுகளிலிருந்து வந்த ரொபஸ்டா தாழ்வான பகுதியிலும் வளரும், மிகுதியாக விளையும், கசப்பும் காஃபீனும் கூடுதல்.

அராபிகாவின் பலவீனத்தை உலகுக்குக் காட்டியது இலங்கை. 1869இல் அங்குத் தோன்றிய இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் காப்பித் தோட்டங்களை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தமிழகத்திலிருந்து கண்டி மலைகளுக்குக் கால்நடையாகச் சென்ற முதல் தலைமுறைத் தோட்டத் தொழிலாளர்கள் தேயிலைக்காகச் சென்றவர்கள் அல்லர், காப்பிக்காகச் சென்றவர்கள். இந்நோயைத் தாங்கும் செடி என்பதால்தான் 1900ஆம் ஆண்டையொட்டி ஜாவாவிலும் பிற இடங்களிலும் ரொபஸ்டா நடப்பட்டது.

அதற்கு நிலையான சந்தையை அமைத்துக் கொடுத்தது உடனடிக் காப்பி. ஆலையின் உயர் வெப்பத்தில் அராபிகாவின் நுண்ணிய மணம் எப்படியும் பெரும்பகுதி போய்விடும். அதற்காக உயர்ந்த விலை கொடுப்பானேன் என்று நிறுவனங்கள் எண்ணின. ரொபஸ்டாவின் விலை குறைவு. கரையும் பொருளும் கூடுதல். மேற்கு ஆப்பிரிக்காவிலும் பின்னர் வியட்நாமிலும் அதன் சாகுபடி விரிந்தது. 1986இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் வியட்நாம் வேகமாக வளர்ந்து, பிரேசிலுக்கு அடுத்த இரண்டாவது உற்பத்தி நாடாயிற்று. நாடுகளுக்கு ஏற்றுமதி அளவு வகுத்து விலையைக் காத்துவந்த பன்னாட்டுக் காப்பி உடன்பாட்டின் ஒதுக்கீட்டு முறை 1989இல் முறிந்தது. இவை சேர்ந்து 2001–02இல் காப்பி விலையை அடிமட்டத்துக்குத் தள்ளின. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆப்பிரிக்கா வரை சிறு விவசாயிகள் செடிகளைக் கைவிட்டு வேறு பிழைப்புத் தேடிய காலம் அது.

தமிழகத்தில் பில்டர் காப்பி

17ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்ற சூஃபி பெரியார் ஏமனிலிருந்து ஏழு காப்பி விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. ஆங்கிலேயர் ஆட்சியில் குடகு, நீலகிரி, ஏற்காடு, பழனி மலைப் பகுதிகளில் தோட்டங்கள் பெருகின. எனினும் விளைந்த காப்பி பெரும்பாலும் கப்பலேறியது. தமிழ் வீடுகளில் காப்பி அன்றாடப் பானமானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான்.

காலையில் நீராகாரமோ பழைய சோறோ உண்ட பழக்கத்தை அது நகர நடுத்தர வீடுகளில் மெல்ல அகற்றியது. காப்பி உடலைக் கெடுக்கும், பணத்தை விழுங்கும் என்று அக்கால இதழ்கள் கண்டித்தன. இந்த மாற்றத்தின் சமூக வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார். காப்பி மேல்தட்டு, நடுத்தர வீடுகளின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் கருதப்பட்டன.

காப்பியை யார் இறக்குகிறார் என்பது இங்கு வெறும் சமையற்செய்தி அன்று. ஒருவர் கையால் தயாரான பானத்தை மற்றொருவர் அருந்தலாமா என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தில், காப்பி கிளப்புகளின் பெயர்ப்பலகையிலேயே ‘பிராமணாள்’ என்ற சொல் இடம்பெற்றது. பல இடங்களில் உட்காரும் பகுதியும் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உணவகங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு விதித்தது. பலகையிலிருந்த அச்சொல்லை அகற்றக் கோரி 1957இல் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். ஆலையில் வடித்து அடைத்த தூளின் புட்டியில் இப்படி ஒரு பெயர் இல்லை. அதை வடித்தவர் யாரென எவரும் கேட்பதில்லை. சாதியை ஒழித்தது உடனடிக் காப்பி என்று இதற்குப் பொருள் கொள்ள இயலாது. ஆயினும் வடிப்பவர் முகமற்றவராகிவிட்டதன் விளைவுகளுள் இதுவும் ஒன்று.

வீட்டுக்குள் அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையதாக இருந்தது. கொட்டை வாங்கி வறுத்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் அரைத்து, பில்டரின் மேல்பாத்திரத்தில் இட்டுக் குடையால் அழுத்தி, வெந்நீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். எல்லாரும் எழுவதற்கு முன் டிகாஷன் தயாராக இருக்க வேண்டும். விருந்தினர் வந்துவிட்டால் இரண்டாம் டிகாஷன் இறக்க வேண்டும். தவராவில் ஆற்றி நுரை ததும்பத் தந்த காப்பியைப் பாராட்டியவர்கள் பலர். அதன் பின்னாலிருந்த அதிகாலை உழைப்பைக் கணக்கில் எடுத்தவர்கள் குறைவு. பெண்கள் வெளிவேலைக்குச் செல்லத் தொடங்கியபின் உடனடிக் காப்பிப் புட்டி அடுக்களை அலமாரியில் இடம்பிடித்ததைச் சோம்பலின் அடையாளமாகக் கூறுவது நியாயமாகாது.

இந்தியாவில் உடனடிக் காப்பி

1930களின் மந்தத்தில் இந்தியக் காப்பியும் விலை வீழ்ச்சி கண்டது. உள்நாட்டில் காப்பி அருந்துவோரைப் பெருக்க, 1935இல் காப்பித் தீர்வைச் சட்டம் வந்தது. அதன்வழி அமைந்த குழு பம்பாயில் 1936இல் முதல் இந்தியா காப்பி ஹவுசைத் திறந்தது. இரண்டாம் உலகப்போரால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, விளைச்சலைத் திரட்டி விற்கும் பொறுப்பு 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த காப்பி வாரியத்திடம் வந்தது. பிரேசில் எதிர்கொண்ட அதே மிகுவிளைச்சல் சிக்கலுக்கு இந்தியா கண்ட விடை, வடித்த காப்பியை விற்கும் கடைகளே. 1950களின் பிற்பகுதியில் வாரியம் இக்கடைகளை மூடத் தொடங்கியது. வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தலாயினர்.

1960களில் உடனடிக் காப்பி இந்தியச் சந்தையில் பரவத் தொடங்கியது. நெஸ்கஃபேயும், புரூக் பாண்ட் நிறுவனத்தின் ப்ரூவும் முதன்மையான பெயர்களாயின. தேநீர் வழங்கிய வட மாநிலங்களில் காப்பி என்றாலே உடனடித் தூள் என்ற நிலை உருவாயிற்று. அங்குத் திருமணங்களில் ‘எஸ்பிரெசோ’ என்ற பெயரில் தருவது, உடனடித் தூளில் நீராவியால் நுரைக்க வைத்த பாலை ஊற்றிய பானமே. தெற்கில் அது பில்டரை அகற்றவில்லை. அவசரத்துக்கும் அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் உடனடிக் காப்பி, வீட்டுக்கும் விசேடங்களுக்கும் பில்டர் காப்பி என வேலை பிரிந்தது. ப்ரூ போன்ற தூள்களில் சிக்கரியைச் சேர்த்ததும் தென்னிந்திய நாக்குக்குப் பழகிய கசப்பையும் திண்மையையும் தருவதற்கே.

சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்குவேர். அதை வறுத்தால் காப்பி நிறமும் கசப்பும் வரும், காஃபீன் கிடையாது. 1806இல் நெப்போலியன் விதித்த வணிகத் தடையால் ஐரோப்பாவில் காப்பி வரத்துக் குறைந்தபோது, அது மாற்றுப்பொருளாகப் பரவியது. இந்தியாவில் குசராத்தின் சாம்நகர்ப் பகுதியிலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வடித்தாலும் கரைத்தாலும், காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இரண்டின் அளவும் உறையில் அச்சிடப்பட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அந்தச் சிறு எழுத்தைப் படிப்பவருக்கு, தாம் கொடுக்கும் விலையில் எவ்வளவு காப்பிக்குப் போகிறது என்பது தெரிந்துவிடும்.

இன்று இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பங்கு ரொபஸ்டா. இந்திய ஆலைகள் உள்நாட்டுக் கொட்டையோடு, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த கொட்டையையும் உடனடித் தூளாக்கி ஏற்றுமதி செய்கின்றன. பச்சைக் கொட்டையாக விற்பதைவிடத் தூளாக விற்றால் கூடுதல் வருமானம் நாட்டுக்குள் தங்கும்; ஆலை வேலைகளும் கிடைக்கும். அந்தக் கூடுதல் வருமானத்தில் தோட்டத்துக்கு எவ்வளவு வருகிறது என்பது தனிக் கேள்வி.

சுவையும் உடல்நலமும்

வடித்த காப்பியில் மணப்பொருள்கள் மிகுதி. தூளின் பருமன், நீரின் சூடு, கலவை ஆகியவற்றை அருந்துவோர் தம் விருப்பப்படி மாற்றலாம். உடனடிக் காப்பியில் சுவை ஆலையிலேயே முடிவாகிவிடுகிறது. எத்தனை கரண்டி என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. அதே காரணத்தால் அதன் சுவை என்றும் ஒரே சீராக இருக்கும், நெடுநாள் கெடாது. ஈரம் படாமல் காப்பது மட்டும் முக்கியம்.

காஃபீன் அளவு கொட்டையின் இனத்தையும் தூளின் அளவையும் பொறுத்தது. பொதுவாக ஒரு பெரிய கோப்பை வடித்த காப்பியில் 95 மில்லிகிராம் அளவிலும், உடனடிக் காப்பியில் 60 மில்லிகிராம் அளவிலும் காஃபீன் இருக்கும். வடிகட்டாமல் கொதிக்கவைத்த காப்பியில் இரத்தக் கொழுப்பை உயர்த்தும் எண்ணெய்ப் பொருள்கள் உள்ளன. காகித வடிகட்டி அவற்றைத் தடுத்துவிடுகிறது. உடனடிக் காப்பியிலும் அவை மிகக் குறைவு. ஆகவே ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று உடல்நல அடிப்படையில் பிரிக்க வலுவான காரணம் இல்லை. சேர்க்கும் சர்க்கரையின் அளவே பலருக்குக் கவலை தரத்தக்கது.

நிறைவாக

உடனடிக் காப்பி சுவைக்காகப் பிறந்த பொருள் அன்று. நெருப்பு மூட்ட முடியாத போர்க்களமும், விளைந்ததை எரிக்க நேர்ந்த தோட்டமும் அதைப் பெற்றெடுத்தன. கெடாமல் காப்பது, விரைந்து தயாரிப்பது ஆகிய இரண்டையும் அது செவ்வனே செய்து முடித்தது. அதற்கு ஈடாக மணத்தின் ஒரு பகுதியும், சுவையைத் தாமே அமைக்கும் உரிமையும் கைவிடப்பட்டன. அதிகாலை உழைப்பு குறைந்தது ஒரு வரவு. ஒரு கோப்பைக்குத் தேவையான கொட்டை பாதியானதும், பேரம் பேசும் வலிமை தோட்டத்திலிருந்து ஆலைக்கு நகர்ந்ததும் விவசாயியின் கணக்கில் இழப்பு. வடித்த காப்பியையும் உடனடிக் காப்பியையும் ஒப்பிடும்போது, நாக்கின் தீர்ப்போடு இந்த வரவு செலவுக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.